புதுப்பிப்பு: மகளுக்கான பராமரிப்புத் தொகை

விவாகரத்து ஆகாமல் பிரிந்திருக்கும்போதே மகளுக்குப் பணம் கேட்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கேட்கலாம். பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டாயிற்று. பராமரிப்புத் தொகை கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) 125; 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் (BNSS) 144.

சொத்து விவர உறுதிமொழிப் பத்திரம்தான் பெரிய வேலை. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னபடி இருவருமே வருமானம், கடன், செலவு காட்ட வேண்டும். என் சம்பளமும் கணக்கில் வரும். பிஸ்கட் டப்பாவில் கிடந்த ஸ்கூல் ஃபீஸ் ரசீது, இன்ஹேலர் பில் எல்லாவற்றையும் ராத்திரி தரையில் பரப்பி அடுக்கினேன். பாதி பில்லில் மை மங்கிவிட்டது. உடனுக்குடன் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அப்புறம், தொகை மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும். 'பேசிப் பார்க்கலாம்' என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டது இன்னும் வலிக்கிறது. இடைக்காலத் தொகைக்கான விசாரணை அடுத்த வாரம்.