அப்பாவுக்காகக் காட்பாடியில் தங்கிய 220 நாட்கள்: மூன்றாண்டு விதியில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: காட்பாடி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் சத்துவாச்சாரியில் பிறந்து, 2018இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2021 நவம்பரில், பாலாறு இரு கரையும் புரண்டு ஓடிய அந்த மாதத்தில், காட்பாடியில் எங்கள் திருமணம் நடந்தது. மும்பையில் நேர்காணல் முடிந்து 2023 ஜூன் 14 அன்று நான் நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையாததால், இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைத்தது. நிபந்தனையை நீக்கும் ஐ-751 மனுவை 2025 ஏப்ரலில் இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம்; முடிவு இன்னும் வரவில்லை.

2024 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் ஓசூரில் வேலையில் இருக்கிறார். நான் வேலை பார்க்கும் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் 12 அன்று புறப்பட்டேன். சி.எம்.சி.யில் உள்நோயாளியாக இருந்த நாட்கள், பிறகு வீட்டில் பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி என்று நாட்கள் போய், 2025 மார்ச் 20 அன்றுதான் திரும்பினேன். மொத்தம் 220 நாட்கள்.

அமெரிக்கக் குடிமகனை மணந்தவர் மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும், அதற்கு 90 நாள் முன்னதாகவே மனுவை அனுப்பலாம் என்பதும் தெரியும். அப்படியானால் இந்த 2026 மார்ச் நடுவில் எனக்கு வாய்ப்பு வருகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் என் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இன்னொரு கவலையும் உண்டு: அப்பாவைப் பார்க்க வந்து மூன்று வாரங்களாகக் காட்பாடியில் இருக்கிறேன். சித்திரை முடியும் வரை இருந்துவிட்டுப் போ என்கிறார் அண்ணன். நான் என்ன செய்வது? குடியுரிமை வாங்கிவிட்டால் கணியம்பாடிப் பக்கம் அப்பா பெயரில் இருக்கும் நிலத்தில் எனக்கு உரிமை போய்விடுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: ராணிப்பேட்டை அண்ணன்

தங்கைக்கு வணக்கம். நானும் திருமண வழியில் சென்று, மூன்றாண்டு விதியிலேயே குடியுரிமை பெற்றவன். நீங்கள் கேட்டதில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, உடலால் அமெரிக்காவுக்குள் இருந்த நாட்களின் கணக்கு. மனு அனுப்பும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் குறைந்தது 18 மாதங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். நீங்கள் கிரீன் கார்டுடன் நுழைந்த நாளிலிருந்து இந்த மார்ச் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 1,000 நாட்கள். அதில் 220 நாட்களையும், இப்போதைய பயணம் ஐந்து வாரம் என்று கொண்டால் அதையும் கழித்தாலும் 740 நாட்களுக்குக் குறையாது. 18 மாதம் என்பது சுமார் 548 நாட்கள்தான். எனவே இந்தக் கணக்கில் உங்களுக்குக் குறையே இல்லை. நிபந்தனைக் கார்டில் கழிந்த காலமும் முழுதாகச் சேரும்.

மற்றொன்று, தொடர் வசிப்பு. உங்கள் சிக்கல் இங்கேதான். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல், ஆனால் ஓர் ஆண்டுக்குக் குறைவாக வெளியே இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. அது ஊகம்தான், சான்று காட்டி மாற்ற முடியும். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால்தான் தொடர்ச்சி கட்டாயமாக அறுபடும். ஆகவே கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஊகத்தை மாற்ற அதிகாரி பார்ப்பவை தெளிவானவை. அமெரிக்க வேலையை விட்டீர்களா, இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தீர்களா, நெருங்கிய குடும்பத்தார் அங்கேயே இருந்தார்களா, உங்கள் வீடு உங்களுக்காகத் திறந்தே இருந்ததா என்பவை அவை. நீங்கள் விடுப்பில்தான் வந்தீர்கள். பள்ளி கொடுத்த விடுப்புக் கடிதம் உங்கள் கையில் உள்ள மிக வலுவான தாள். கணவர் அங்கேயே இருந்தார். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், அந்த ஏழு மாதங்களின் வங்கிக் கணக்கு, கார் காப்பீடு, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த 2024ஆம் ஆண்டு வருமான வரி விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த தேதியும் வீட்டுக்கு அனுப்பிய தேதியும் உள்ள சுருக்க அறிக்கையை இப்போது ஊரில் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் தமிழில் கடிதம் எழுதித் தந்தால், மொழிபெயர்த்தவர் தம் திறனையும் மொழிபெயர்ப்பின் சரியையும் உறுதி செய்து கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன் இருக்க வேண்டும்.

ஒரு நாளையும் மறைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களைக் குடியுரிமை மனுவான என்-400 படிவம் கேட்கிறது. நுழைந்த தேதிகள் எல்லாம் அவர்கள் கணினியில் இருக்கின்றன. நீண்ட பயணத்தை விளக்க முடியும், பொய்யை விளக்க முடியாது.

ஐ-751 நிலுவையில் இருப்பது தடையாகாது. என்-400 அனுப்பலாம், ஆனால் ஐ-751 முடிவான பிறகோ, அதனுடன் சேர்ந்தோதான் குடியுரிமைக்கு ஒப்புதல் தருவார்கள். பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே நாளில் நேர்காணல் வைக்கிறார்கள், அதற்குக் கணவரும் வர வேண்டியிருக்கும். உங்கள் கார்டின் தேதி முடிந்துவிட்டதால், 48 மாதம் நீட்டித்து வந்த ரசீதுக் கடிதத்தின் அசலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் ஒரு ஊழியர், காலாவதியான கார்டை மட்டும் பார்த்துவிட்டு என் மனைவியின் தங்கையை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்.

பதில் 2: ஆம்பூரிலிருந்து டெக்சாஸ்

ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன விதிகள் சரியானவை. முடிவில் மட்டும் நான் வேறுபடுகிறேன்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் காத்திருப்பேன். நீங்கள் திரும்பிய நாளிலிருந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து, அதாவது 2027 செப்டம்பர் 20க்குப் பிறகு மனு அனுப்பினால், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் விழும் அந்த நீண்ட பயணத்தின் நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டாது; அந்த ஊகமே எழாது. ஐந்தாண்டு விதிக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2028இல் பார்த்தாலும் அந்த 220 நாட்கள் ஐந்தாண்டு வட்டத்துக்குள்ளேயே கிடக்கும்.

இப்போதே அனுப்பி மறுக்கப்பட்டால், இணையவழிக் கட்டணமான 710 டாலர் போகும். அந்த மறுப்பால் மட்டும் கிரீன் கார்டு போய்விடாது, மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் அப்பாவின் உடல்நிலை இப்படி இருக்கும்போது இன்னொரு மனவுளைச்சல் எதற்கு என்பதே என் எண்ணம்.

எந்த வழியில் போனாலும் உங்கள் உடன்பிறந்த அண்ணன் பேச்சைக் கேட்டுச் சித்திரை வரை இருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைவான பயணம் என்றாலும், ஏழு மாதத்துக்குப் பின் மீண்டும் நாலு மாதம் என்று அடுக்கினால், உண்மையில் எந்த ஊரில் வாழ்கிறீர்கள் என்ற கேள்வி அதிகாரிக்கு எழும். கணவருடன் சேர்ந்து வாழ்ந்தீர்களா என்பதும் மூன்றாண்டு விதியின் உயிரான நிபந்தனை. மணவாழ்வில் பிரிவு இல்லை, பயணம்தான் என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

குடியுரிமைத் தேர்வைப் பற்றி ஒரு வரி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கேள்வித் தொகுப்பு 128 ஆகிவிட்டது. 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பழைய 100 கேள்விப் பட்டியலை வைத்துப் படிக்காதீர்கள்.

பதில் 3: குடியாத்தம் ஐயா

அம்மா, நான் அமெரிக்கா போனவன் இல்லை. மகள் அங்கே குடியுரிமை பெற்றிருக்கிறாள். அவளுக்காகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் வழக்கறிஞர் வீட்டுக்கும் நடந்ததால் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது என்ற தடை குடியுரிமையால் வருவதில்லை. இந்தியக் குடிமகளாக இருந்துகொண்டே வெளிநாட்டில் வசிக்கும் உங்களுக்கு இன்றைக்கே அந்தத் தடை உண்டு. விவசாய நிலத்தை உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவதும் கூடாது. ஆனால் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் அப்படியே. ஆகவே அப்பா தெளிவான நினைவோடு இருக்கும்போது, அவர் விருப்பப்பட்டால், அண்ணனும் அறிய ஓர் உயில் எழுதிப் பதிவு செய்வது நல்லது. பின்னால் விற்க நேர்ந்தால், அந்த நிலத்தை இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். மனை, வீடு ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்கும்போதே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். ஓ.சி.ஐ. என்பது இரட்டைக் குடியுரிமை ஆகாது, அதை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது. என் மகளுடைய பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க நானே படிவம் 7 எழுதிக் கொடுத்தேன். அன்று மனது கனத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில் 4: வாலாஜா மருமகள்

பிரமாணம் எடுக்கும் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன். அன்றே கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை அதன் பிறகு பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்து, அதன் பேரில் இந்தியாவுக்கு விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ பெறும் வரை ஊருக்கு வர வழியில்லை. என் மாமியார் கவலைக்கிடமாக இருந்தபோது நான் சரியாக இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டேன். 14 நாட்களுக்குள் பயணம் என்று காட்டினால் பாஸ்போர்ட் முகமையில் நேரில் விரைவாக வாங்கலாம் என்பதும், இ-விசா என்ற வழி இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பாவின் நிலையை எண்ணி, இதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

பெயரையும் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி தலைப்பெழுத்துடன் ஒற்றைப் பெயராக இருந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருந்தால், அதைத் திருத்த என்-400இலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். ஆனால் அப்போது நீதிமன்றம் நடத்தும் பிரமாண நிகழ்வுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்பா உயில் எழுதுவதானால், அதில் எந்தப் பெயர் வரவேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரிடம் நெடுநேரம் பேசினேன். சித்திரை வரை இருக்கப்போவதில்லை. பயணச்சீட்டில் உள்ள தேதியிலேயே திரும்புகிறேன், அண்ணன் மாதம் இருமுறை ஓசூரிலிருந்து வந்து போவதாக ஒத்துக்கொண்டார். விடுப்புக் கடிதமும் வரி விவரமும் வலுவாக இருப்பதால் மார்ச்சிலேயே அனுப்பலாம் என்கிறார் கணவர். எனக்கோ ஆம்பூர்க்காரர் சொன்ன 2027 செப்டம்பர்தான் மனதுக்கு ஒப்புகிறது. காகிதங்களை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு முடிவு செய்வதாக இருக்கிறோம். நாளைக் காலை அப்பாவின் பழைய அறிக்கைகளை வாங்கப் போகிறேன். உயிலைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே, பீரோவில் பட்டாவும் சிட்டாவும் எந்தப் பையில் இருக்கின்றன என்று அப்பா குழறிய குரலில் சொல்லிக் காட்டினார்.