மலைப் பயணத்துக்கு நல்ல மல்டிடூல் எது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மாதம் ஒருமுறையாவது பைக்கில் மலை ஏறுபவன் நான். போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறை போகும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டவில்லை, கிளட்ச் கேபிள் தளர்ந்துவிட்டது. ஆன்லைனில் மலிவாக வாங்கிய மல்டிடூலை (குறடு, கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் கைக்கருவி) எடுத்து நட்டைப் பிடித்துத் திருகினேன். நடு ரிவெட் ஆட்டம் கண்டு, குறடின் இரண்டு தாடைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நல்ல மழை. பின்னால் வந்த லாரிக்கார அண்ணன் ஸ்பேனர் கொடுத்துதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தியின் அடியில் துரு.

இனி ஒருமுறை செலவு செய்தாலும் பத்து வருஷம் உழைக்க வேண்டும். பட்ஜெட் 15,000 ரூபாய்க்குள். லெதர்மேன் வேவ் பிளஸ், விக்டோரிநாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் இரண்டுக்கும் நடுவில் மனசு அல்லாடுகிறது. வேவ் பிளஸ்ஸில் கம்பி வெட்டும் பகுதி தேய்ந்தால் கழற்றி மாற்றலாம், 25 வருஷ வாரண்டி உண்டு. ஆனால் எடை 241 கிராம், இடுப்பில் மாட்டி நாள் முழுக்க நடந்தால் உறுத்துமா? ஸ்பிரிட் அதைவிட எடை குறைவு, கையில் வழுவழுப்பாக உட்காரும்.

எனக்கு முக்கியம் குறடுதான், அப்புறம் பூட்டிக்கொள்ளும் கத்தி, ரம்பம். கத்தரிக்கோல் இருந்தால் நல்லது. மழையில் நனைந்தபின் எது துருப்பிடிக்காமல் தாங்குகிறது? வாரண்டியில் மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? போலிச் சரக்கைக் கையில் வாங்கியதும் எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறேன், அதற்குள் வாங்கியாக வேண்டும்.