சலிபா இல்லாத 11 ஆட்டங்கள்: என் கணக்கில் எங்கே பிழை?

கேள்வி:
வணக்கம். 2022-23 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் அர்செனல் கோப்பையைக் கோட்டைவிட்டதற்கு அதன் நடுத் தடுப்பாட்டக்காரர் சலிபாவின் காயம் எவ்வளவு காரணம் என்று கணக்குப் போடுகிறேன். 2023 மார்ச் 16, யூரோப்பா லீக்கில் ஸ்போர்ட்டிங்குடன் ஆடும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்த சீசனில் அப்புறம் ஆடவே இல்லை. அவர் இருந்த 27 லீக் ஆட்டங்களில் 66 புள்ளி, எதிரணிகளிடம் வாங்கிய கோல் 25. இல்லாத 11 ஆட்டங்களில் 18 புள்ளி, வாங்கிய கோல் 18. என் நண்பரோ, "கடைசியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, மான்செஸ்டர் சிட்டியின் எதிஹாட், நியூகாசில் என்று எல்லாம் கடினமான ஆட்டங்கள். யார் இருந்தாலும் இதே கதிதான்" என்கிறார். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1:
நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. அவர் இல்லாத ஆட்டங்கள் எல்லாம் சீசனின் கடைசியிலேயே குவிந்துவிட்டன. அதே 11 அணிகளோடு முதல் சுற்றில் ஆடியதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அவை எல்லாவற்றிலும் சலிபா இருந்தார்.

கேள்வி கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன் அண்ணா. முதல் சுற்றில் 26 புள்ளி, வாங்கியது 9 கோல். இரண்டாம் சுற்றில் வாங்கியது அப்படியே இரட்டிப்பு! அடித்த கோல் மட்டும் 23-லிருந்து 26 ஆகக் கூடியிருக்கிறது. 8 புள்ளி குறைந்திருக்கிறது, கோப்பையை சிட்டியிடம் இழந்ததோ 5 புள்ளியில் (89-84).

பதில் 1:
இன்னொன்றும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் 11-ல் 6 ஆட்டங்கள் சொந்த மைதானத்தில், முதல் சுற்றில் 5 தான். ஆகவே ஆட்டவணையின் மேல் பழிபோட முடியாது.

பதில் 2:
ஆனால் 8 புள்ளியையும் சலிபா கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதே ஸ்போர்ட்டிங் ஆட்டத்தில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் தோமியாசுவும் காயப்பட்டார். அவர் இருந்திருந்தால் வலது பக்கத்தை அவரிடம் விட்டு, அங்கே ஆடிய பென் வைட்டை நடுத் தடுப்புக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஒருவர் போனால் தாங்கலாம், அவருக்கு மாற்று வழியும் சேர்ந்து போனதுதான் பெரிய அடி. சலிபாவுக்குப் பதிலாக ஆடிய ஹோல்டிங்கிற்கு அவருடைய வேகம் கிடையாது, அதனால் டிஃபென்ஸ் முன்பு போல மேலேறி நிற்க முடியவில்லை.

அதே சமயம் வெஸ்ட் ஹாமில் சாகா பெனால்டியைத் தவறவிட்டார். சவுத்தாம்ப்டனுடன் முதல் நிமிடத்திலேயே கோல்கீப்பர் ராம்ஸ்டேல் பந்தை எதிரணியிடம் கொடுத்தார். இதற்கெல்லாம் சலிபா என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கம் சிட்டி வேறு தொடர்ந்து 12 லீக் ஆட்டங்களை வென்றது. அந்த 18 கோலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா, ஆன்ஃபீல்டிலிருந்து தொடங்குகிறேன். 2-0 முன்னிலையில் இருந்து 2-2 ஆனது இன்னும் வலிக்கிறது.