நவீன ஓவியர்கள் ஏன் இன்னும் சிலுவையையும் சாமியையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள்?

அரைவட்டம் கேட்டது:

கொஞ்ச நாளாக இருபதாம் நூற்றாண்டுக் கலையைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் புத்தகமும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறது: முன்பு கலை கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் வேலை செய்தது, அப்புறம் அரசர்களுக்கும் பணக்காரர்களுக்கும், அப்புறம் தனக்காகவே வேலை செய்ய ஆரம்பித்தது, மதம் வெளியே போய்விட்டது. சரி என்று நம்பிப் பக்கத்தைப் புரட்டினால் கோகான் மஞ்சள் கிறிஸ்துவை வரைகிறார் (1889), பேக்கன் சிலுவையடியில் வாயைப் பிளந்து அலறுகிற உருவங்களை வைக்கிறார் (1944), டாலி சிலுவையை மேலிருந்து பார்க்கிறார் (1951), வார்ஹால் சாவதற்கு முந்தைய வருடம் உட்கார்ந்து ஏசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறார். வெளியே போன மதம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது?

என் கேள்வி இன்னும் குறுகலானது. செரானோ பாடுபட்ட சொரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்குகிற ஏசுவின் சின்னச் சிலையை, சிறுநீரில் மூழ்கவைத்துப் படம் எடுத்து 'மூத்திரக் கிறிஸ்து' (Piss Christ) என்று தலைப்பு வைத்தார் (1987), ஒஃபிலி மாதா படத்தில் யானைச் சாணத்தை ஒட்டினார் (1996). இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள், 'பேர் வாங்குகிற வேலை, ஒரு சாமியைத் தொட்டால் மறுநாள் பேப்பரில் வந்துவிடலாம்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதை முழுசாக ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. ஒரு படைப்பு மதத்தோடு நிஜமாகவே பேசுகிறதா, இல்லை அதை விளம்பரப் பலகையாக எடுத்துக்கொள்கிறதா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? கலைஞர் நம்பிக்கை உள்ளவரா என்பது முக்கியமா?

காலிச்சட்டகம்:

கலைஞர் பக்தரா என்று பார்க்கப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். நீங்கள் சொன்ன ஆட்களையே எடுங்கள். செரானோ தன்னைக் கிறிஸ்தவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், 2023-ல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப் பிரான்சிஸ் கலைஞர்களைச் சந்தித்தபோது அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். ஒஃபிலி கத்தோலிக்கராக வளர்ந்தவர், சின்ன வயதில் பூசையில் பீடச்சிறுவனாக நின்றவர். வார்ஹால் பைசாந்தியக் கத்தோலிக்கக் குடும்பம், நியூயார்க்கின் அத்தனை கும்மாளத்துக்கு நடுவிலும் கோயிலுக்குப் போவதை விடவில்லை. மறுபக்கம் பேக்கனுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது, ஆனால் சிலுவைக்கும் போப்புக்கும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். பக்திச் சான்றிதழை வைத்துப் படங்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்தால் செரானோவை வைத்துக்கொண்டு பேக்கனைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

நான் பார்ப்பது வேறு. எடுத்துக்கொண்ட உருவத்துக்குள் இறங்கி அந்த ஆள் ஏதாவது வேலை செய்திருக்கிறாரா, இல்லை அதன் புகழை மட்டும் கடன் வாங்கிக்கொண்டாரா? ஷகால் 1938-ல் வரைந்த 'வெள்ளைச் சிலுவைப்பாடு' சிகாகோவில் இருக்கிறது, இணையத்தில் நல்ல பிரதி கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் சிலுவையில் ஏசு. இடுப்பில் வழக்கமான துண்டு இல்லை, யூதர்கள் தொழுகையில் போர்த்திக்கொள்கிற கறுப்புக் கோடு போட்ட சால்வை. தலையில் முள்முடியும் இல்லை, ஒரு துணி. வலப்பக்கம் யூதத் தொழுகைக்கூடம் எரிகிறது. இடப்பக்கம் வீடுகள் தலைகுப்புறக் கவிழ்ந்து கிடக்க, செங்கொடியோடு ஒரு கும்பல் வருகிறது, ஒரு படகு நிறைய ஆட்கள் தப்பிக்கப் பார்க்கிறார்கள், கீழே ஒருவர் தோரா என்ற யூத வேதச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். இன்னொருவரின் மார்பில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் 'நான் யூதன்' என்று ஜெர்மனில் எழுதியிருந்ததை ஷகாலே பின்னால் பூசி மறைத்துவிட்டார். அந்த வருடம் ஜெர்மனியில் தொழுகைக்கூடங்கள் நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தன.

யூதர்களை அடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளாகச் சாக்காக இருந்த அதே உருவத்தை ஒரு யூதர் எடுத்து, 'இதில் தொங்குகிறவரே யூதர்தானே' என்று திருப்பி நீட்டுகிறார். சிலுவையை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் பேச ஒன்றும் மிஞ்சாது. மத உருவத்தை நீக்கிவிட்டு வேறு ஏதோ ஒரு பிரபலமான முகத்தை வைத்தாலும் படம் ஆடாமல் நிற்கும் என்றால் அதை நான் விளம்பரக் கணக்கில் எழுதுவேன்.

வார்ஹாலையும் அந்தக் கணக்கில்தான் முதலில் எழுதத் தோன்றும். இராவுணவு மேசைக்கு மேலேயே டவ் சோப்பின் புறா, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி முத்திரை, 59 சென்ட் என்று ஒரு விலைச்சீட்டு! ஆனால் புறா யாருடைய சின்னம் (கிறிஸ்தவத்தில் தூய ஆவியுடையது), பல்பு விற்கிற கம்பெனி அங்கே எதைத் தருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் கிண்டலா ஜெபமா என்று சொல்ல முடியாமல் போகிறது. அவர் முன்னால் வைத்துக்கொண்டது டாவின்சியின் சுவரோவியத்தை அல்ல, அதன் மலிவான பிரதிகளை. சாமானிய வீடுகளின் சுவரில் தொங்குகிற இராவுணவு அது.

வேப்பநிழல்:

நான் நம்பிக்கை உள்ளவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இந்த மாதிரி விவாதங்களில் கோபப்படுகிறவரை எப்போதுமே கலை தெரியாத ஆளாக ஓரத்தில் உட்காரவைத்துவிடுகிறீர்கள். மாதா எனக்கு ஒரு உருவகமோ குறியீடோ இல்லை. நான் தினமும் பேசுகிற ஆள். உங்கள் அம்மாவின் புகைப்படத்தை யாராவது எடுத்து, 'இதன் உள்ளே இறங்கி வேலை செய்கிறேன்' என்றால் அவருடைய கலைத்திறனைப் பார்த்துவிட்டுத்தான் கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வீர்களா?

நம் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 1970-களில் வரைந்த நிர்வாண சரஸ்வதி கோட்டோவியம் 1996-ல் சர்ச்சையானது, வழக்குகள், வீட்டில் தாக்குதல், கடைசியில் மனிதர் 2006-ல் நாட்டை விட்டே போய், 2010-ல் கத்தார் குடியுரிமை பெற்று, 2011-ல் லண்டனில் இறந்தார். அவரைத் துரத்தியது அசிங்கம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அப்போது எல்லோரும் சொன்ன 'கோயில் சிற்பத்தில் இல்லாத நிர்வாணமா' என்ற பதில் எனக்குப் போதவில்லை. கோயில் சிற்பம் பிரகாரத்தில், மற்ற நூறு உருவங்களுக்கு நடுவில், பூசை நடக்கிற இடத்தில் இருக்கிறது. அதே கோடு ஒரு வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும்போது அதே பொருள்தானா? சட்டம் குறுக்கே வரக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலி பொய் இல்லை.

மூன்றாம்மணி:

வேப்பநிழல் இடத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது அவருக்கு எதிராகவும் வேலை செய்யும். பிரான்சில் ஆல்ப்ஸ் மலைமேல் அஸ்ஸி என்ற இடத்தில் 1950-ல் அர்ச்சித்த ஒரு தேவாலயம் இருக்கிறது. சுற்றிலும் காசநோய் மருத்துவமனைகள், அந்த நோயாளிகளுக்காகவே கட்டியது. அதன் அலங்காரத்துக்குப் பின்னால் இருந்தவர் கூத்தூரியே என்ற டொமினிக்கன் துறவி. நம்பிக்கை மட்டும் இருந்து திறமை இல்லாதவர்களை விட நம்பிக்கை இல்லாத மேதைகள் மேல் என்பது அவர் கட்சி. ரூவோ, பொன்னார், மட்டீஸ், லெஜே, பிராக் என்று ஆட்களைப் பிடித்துவிட்டார். லெஜே கம்யூனிஸ்ட், ஷகாலும் சிற்பி லிப்ஷிட்ஸும் யூதர்கள். துறவிக்கு என்ன துணிச்சல் பாருங்கள்.

பலிபீடத்துக்கு ஏசுவைச் செய்யும் வேலை ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பிக்குப் போனது. அவர் வார்த்த வெண்கல ஏசுவுக்கு முகமே சரியாகக் கிடையாது. உடம்பு முழுக்கச் சொரசொரப்பு, பட்டை உரிந்த மரம் மாதிரி, விரித்த கைகள் எங்கே முடிகின்றன சிலுவை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. வெளியிலிருந்து தெய்வ நிந்தனை என்று கூச்சல் கிளம்பி, 1951-ல் ஆயர் உத்தரவில் அதைப் பீடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துத்தான் அது திரும்பவும் பீடத்துக்கு வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நெஞ்சு அரித்துப்போய் நாளை எண்ணிக்கொண்டிருந்த நோயாளிகளின் கோயிலில் அழகாகச் சீவிய தாடியோடு ஒரு ஏசு இருந்தால் அவர் யாருக்கு? ஆள் வந்து முழங்காலிடுகிற இடத்துக்கென்றே செய்த சிலை அது, அருங்காட்சியகத்துக்குச் செய்தது இல்லை. அதையும்தான் நிந்தனை என்றார்கள்.

ஒஃபிலி பற்றி ஒரு வரி. அந்தப் படத்தைத் திட்டியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. 1999-ல் புரூக்ளினில் காட்டியபோது மேயர் ஜூலியானி நகரத்தின் நிதியை நிறுத்துவேன் என்று மிரட்டி, நீதிமன்றத்தில் தோற்றார். நேரில் அது பொன்னிறத்தில் மினுங்குகிற ஒரு கறுப்பு மாதா, நீல அங்கி, சாணம் மார்பில் ஒன்று, அப்புறம் படமே கீழே இரண்டு சாண உருண்டைகளின் மேல்தான் நிற்கிறது. உண்மையில் சங்கடம் தரவேண்டியது சாணம் அல்ல, மாதாவைச் சுற்றித் தேவதூதர்கள் மாதிரிப் பறக்கிற துண்டுகள், அவை ஆபாசப் பத்திரிகையில் வெட்டியவை. அதைப் பற்றி எவரும் அவ்வளவாகப் பேசவில்லை.

பழையகாலண்டர்:

எல்லோரும் 'மரபான திருவுருவம்' ஒன்று பத்திரமாக இருந்தது, நவீனக் கலைஞர் வந்து அதைக் கலைத்தார் என்ற மாதிரிப் பேசுகிறீர்கள். அந்த மரபு எத்தனை வயது என்று பார்த்தீர்களா? வெள்ளைப் புடவை, வீணை, பின்னால் மயில் என்று கண்ணை மூடினால் நம்மில் பலருக்கு வருகிற சரஸ்வதி ரவி வர்மாவின் சரஸ்வதி. ஐரோப்பிய எண்ணெய் வண்ணம், ஐரோப்பிய நிழல்-வெளிச்சம், நாடக மேடை மாதிரிப் பின்னணி. 1894-ல் பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கி, ஜெர்மன் அச்சுக்காரர்களை வைத்து அடித்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் பழுப்பு முடி, மேலே பார்க்கிற கண், மென்மையான வெளிச்சம் என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஏசு முகம், வார்னர் சால்மன் என்ற அமெரிக்க விளம்பர ஓவியர் 1940-ல் வரைந்தது. கோடிக்கணக்கில் அச்சாகியிருக்கிறது.

இரண்டுமே நவீன காலப் படங்கள்தான், அச்சு இயந்திரம் இல்லாவிட்டால் இரண்டுமே இல்லை. ஆகவே 'மதப் படிமமா நவீனக் கலையா' என்ற பிரிவினையே எனக்கு உதைக்கிறது. பூசையறைக்குள் போய்விட்ட நவீனப் படத்தை நவீனம் என்று யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். கோவா ஓவியர் சூசா மாதிரி ஒருவர் 1959-ல் கறுப்பாய், முள்ளாய், பல்லாய் ஒரு சிலுவையை வரைந்தால் (லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது) அவர் மரபைக் கெடுத்ததாகச் சொல்வோம். கோவாவின் தேவாலயங்களில் ரத்தம் வடிகிற சொரூபங்களைப் பார்த்து வளர்ந்த அவருக்கு சால்மனின் ஏசுதான் அந்நியமாய்த் தெரிந்திருக்கும்.

அரைவட்டம்:

நன்றி, கேட்டதை விட நிறையவே கிடைத்தது. காலிச்சட்டகம் சொன்ன 'எடுத்துவிட்டுப் பார்' சோதனையை செரானோவிடம் வைத்துப் பார்த்தேன், குழப்பம்தான் கூடுகிறது. தலைப்பு தெரியாமல் பார்த்தால் அது செம்பொன் வெளிச்சத்தில் மிதக்கிற ஒரு சிலுவை, குமிழிகள்கூட அழகாக இருக்கின்றன. தலைப்பைப் படித்தவுடன்தான் சண்டை. அப்படியானால் எதைச் சோதிப்பது, படத்தையா தலைப்பையா? அப்புறம் உருவமே இல்லாத படங்கள் இருக்கின்றனவே, நியூமன், ரோத்கோ எல்லாம், அவற்றில் எதை எடுத்துவிட்டுப் பார்ப்பது?

காலிச்சட்டகம்:

செரானோவில் தலைப்பும் படத்தின் பகுதிதான். சிலுவை மரணம் என்பதே அவமானமும் ரத்தமும் உடம்பின் நீரும் கலந்த தண்டனை, அதைப் பளபளப்பான பிளாஸ்டிக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அந்த ஒரு வார்த்தை நினைவூட்டுகிறது. ஆனால் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக வைத்ததில் கொஞ்சம் விளம்பரமும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். 2011-ல் பிரான்சின் அவிஞ்ஞோனில் ஒரு பிரதியைச் சுத்தியலால் உடைத்தார்கள்.

உருவமில்லாத பக்கம் இன்னும் சுவாரசியம். மலேவிச் 1915-ல் பெட்ரோகிராட் கண்காட்சியில் தன் கறுப்புச் சதுரத்தைச் சுவரில் மாட்டவில்லை, அறையின் மேல்மூலையில் குறுக்காக மாட்டினார், ரஷ்ய வீடுகளில் திருவுருவம் வைக்கிற அதே மூலை. நியூமன் 1958-லிருந்து 1966 வரை வரைந்த 'சிலுவைப் பாதை' பதினான்கு படங்கள், வண்ணம் பூசாத வெறும் கேன்வாஸில் கறுப்பும் வெள்ளையுமாக நெடுக்குக் கோடுகள், ஆள் உயரத்துக்கு. தேவாலயங்களில் வரிசையாக வைக்கிற, ஏசு விழுந்தார், எழுந்தார் என்ற பதினான்கு சம்பவங்கள் அதில் கிடையாது, 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற ஒரே கதறல்தான் பதினான்கு தடவை. அங்கே மதத்தைச் சுமப்பது எண்ணும் தலைப்பும்தான், அவற்றை எடுத்துவிட்டால் அந்தக் கோடுகளுக்கு இவ்வளவு கனம் இருக்காது. ரோத்கோவுக்கு ஹூஸ்டனில் ஒரு சிற்றாலயத்தையே கட்டிக்கொடுத்தார்கள், அங்கேயும் பதினான்கு, ஏறக்குறைய கறுப்பு. 1971-ல் திறந்தபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

வேப்பநிழல்:

உருவம் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஓவியர் ரிக்டர் 2007-ல் செய்த ஜன்னல் ஏறத்தாழ 11,000 கண்ணாடிச் சதுரங்கள், 72 நிறங்கள், எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் தற்செயலுக்கே விட்டுவிட்டார். பேராலயம் முதலில் கேட்டது இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின், உருவங்களை. திறப்பு விழாவுக்குக் கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர் வரவில்லை, இது மசூதிக்கோ வேறு தொழுகை இடத்துக்கோதான் பொருந்தும் என்றார். ஒஃபிலியில் உருவம் இருந்ததால் சண்டை, இங்கே இல்லாததால் சண்டை.

எனக்கு அந்த ஜன்னல் பிடித்திருக்கிறது. வெயில் வரும்போது கல் தரையெல்லாம் நிறம் நிறமாய்க் கிடக்கும், அங்கே முழங்காலிட எனக்கு ஒரு தடையும் இல்லை. நியூமன் படங்களைப் பற்றி மட்டும் காலிச்சட்டகத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. அது ஜெபம் என்றால் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் ஒருவர் முழங்காலிட்டுப் பார்க்கட்டும், காவலாளி வந்து உடம்புக்கு முடியவில்லையா என்றுதான் கேட்பார்.