நாமினி, நியமனதாரர், வாரிசு: வங்கிப் பக்கத்தில் எதை எழுதுவது?

கரிசல்காட்டுக்காரன்:
அப்பா காலமாகி மூன்று வாரம் ஆகிறது. அவருடைய சேமிப்புக் கணக்கில் அம்மாதான் நாமினி. எந்த வங்கி என்பது வேண்டாம். அதன் இணையதளத்தின் தமிழ்ப் பக்கத்தில் இருந்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"மரணமடைந்த வைப்பாளரின் கணக்கிலுள்ள நிலுவைத் தொகையைப் பெறுவதற்கு உரிமையுடைய நியமனதாரர், உரிய முறையில் பூர்த்தி செய்யப்பட்டு கையொப்பமிடப்பட்ட உரிமைகோரல் படிவத்தை, இறப்புச் சான்றிதழ் மற்றும் அடையாள ஆவணங்களின் சான்றொப்பமிடப்பட்ட நகல்களுடன் இணைத்துச் சமர்ப்பித்தல் வேண்டும்."

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். செய்தித்தாளை வரி விளம்பரம் வரை விடாமல் வாசிப்பவர். இதை இரண்டு முறை படித்துவிட்டு, "நிலுவை என்று போட்டிருக்கிறதே, அப்பா கடன் ஏதும் வைத்துவிட்டுப் போனாரா?" என்று கேட்டார். நியமனதாரர் என்றால் வங்கி நியமித்த அதிகாரியாம். நாமினி என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியைத் தேடிப் போவது யாருக்காக?

சொல்லேருழவன்:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் முடிவை ஏற்க முடியவில்லை, அன்பரே. ஒரு காலத்தில் கூட்டத்துக்கு அக்கிராசனர், சங்கத்துக்குக் காரியதரிசி, தேர்தலில் அபேட்சகர் என்றுதான் எழுதினார்கள். அன்று தலைவர், செயலாளர், வேட்பாளர் என்று எழுதியவர்களிடமும் "மக்களுக்குப் புரியுமா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். இன்று அபேட்சகர் என்றால் யாருக்குப் புரியும்? புழங்கப் புழங்கத்தான் சொல் பழகும். நாமினி என்று எழுதினால் நாமினியே நிலைக்கும்.

கரிசல்காட்டுக்காரன்:
வேட்பாளரை மேடையிலும் சுவரிலும் நாளிதழிலும் நாள்தோறும் பார்த்தோம், பழகியது. இந்தப் பக்கத்தை என் அம்மா வாழ்நாளில் ஒரு முறை படிக்கிறார். அதுவும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். அவருக்குத் தமிழ்ப் பாடம் எடுக்க அதுவா நேரம்?

எளியவழி:
இரண்டும் வேண்டாம். "வாரிசு" என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே.

கவுண்ட்டர் மூன்று:
ஐயோ, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வங்கியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். பெற்ற பணம் யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ முடிவு செய்யும். ஆயுள் காப்பீடு பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. வங்கி வைப்புத் தொகைக்கும் இதுதான் நிலை என்று 2010இல் தெளிவாக்கியது. (காப்பீட்டில் மட்டும் பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும் என்று 2015இல் சட்டம் மாறியது. அது வேறு கதை.)

எங்கள் கிளையில் யாரோ ஒரு புண்ணியவான் எளிமைப்படுத்துகிறேன் என்று படிவத்தின் தமிழ்த் தாளில் "வாரிசு பெயர்" என்று அச்சடித்துவிட்டார். அண்ணன் தம்பி இருவர் என் கவுண்ட்டருக்கு எதிரிலேயே சண்டை போட்டார்கள். தம்பி நாமினி. "வாரிசு நான் ஒருவன்தான், வங்கியே எழுதியிருக்கிறது" என்று தாளை ஆட்டிக் காட்டினார். புரிந்த சொல்தான், ஐயமில்லை. தப்பாகப் புரிந்த சொல்.

எளியவழி:
இது எனக்குத் தெரியாது. வாரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அடைப்புக்குறி:
இப்படிப்பட்ட பக்கங்களை மொழிபெயர்த்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் பேசலாம். எங்களுக்குப் பக்கம் வராது, எக்செல் கட்டங்கள்தான் வரும். ஒரு கட்டத்தில் "பேலன்ஸ்" என்று மட்டும் இருக்கும். கணக்கில் இருக்கும் பணமா, கட்ட வேண்டிய பாக்கியா என்று கேட்டால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். அம்மாவைப் பயமுறுத்திய "நிலுவை" அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள்: 25 சொற்கள். யார் என்பது எட்டாவது சொல்லில் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்பது இருபத்து நான்காவதில். தமிழில் வினை கடைசியில் வருவதால், அதுவரை படிப்பவர் எல்லா மூட்டைகளையும் தலையில் சுமக்க வேண்டும். ஆங்கிலச் சட்ட வாக்கியத்தை ஒரே வாக்கியமாகவே தமிழாக்கினால் எச்சத்தின் மேல் எச்சம் ஏறும். நாமினி என்று மாற்றினாலும் மூட்டை அப்படியேதான் இருக்கும். நான் எழுதினால் இப்படி:

"கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டாரா? அவர் உங்களை நாமினியாக (நியமனதாரராக) எழுதியிருந்தால், கணக்கில் உள்ள பணத்தை நீங்கள் பெறலாம். நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றைக் கிளையில் கொடுங்கள். இந்தப் பணத்தில் மற்ற வாரிசுகளுக்கும் பங்கு இருக்கலாம்."

சொல்லேருழவன்:
வாக்கியத்தை உடைத்தது சரி, மறுக்கவில்லை. ஆனால் "இறந்துவிட்டாரா?" என்று ஒரு வங்கி கேட்கலாமா? துக்க வீட்டு வாசலில் நின்று விசாரிப்பதுபோல் இருக்கிறது. "கணக்கு வைத்திருந்தவர் காலமாகியிருந்தால்" என்று தொடங்குங்கள். நியமனதாரரை வெளியே வைத்து நாமினியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

அடைப்புக்குறி:
முதல் திருத்தத்துக்கு நன்றி ஐயா, எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முடியாது. தேடுபவர் நாமினி என்று தட்டச்சு செய்துதான் இந்தப் பக்கத்துக்கே வருகிறார். இன்னொன்று: 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக இருக்கலாம். வைப்புக் கணக்கில் இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம், அல்லது ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசை போடலாம். லாக்கருக்கு வரிசை மட்டும்தான். இதற்கு எனக்கு வந்த வரைவில் "உடனிகழ் நியமனம்", "பின்தொடர் நியமனம்" என்று இருந்தது. நான் "பங்கு பிரித்து", "ஒருவருக்குப் பின் ஒருவர்" என்று எழுதிக் கொடுத்தேன். தரம் குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சொல்லேருழவன்:
"பங்கு பிரித்து" நல்ல தமிழ். அதற்கு என் வாக்கு உண்டு. நாமினிக்கு இல்லை.

செவிவழி:
எனக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பான் மூலம் கேட்கிறேன். நாமினியோ நியமனதாரரோ, இரண்டையும் கருவி ஒழுங்காகவே வாசிக்கிறது. அது வாசிக்காதது படிவத்தை. ஸ்கேன் செய்த படமாக ஏற்றியிருந்தால் ஒரு எழுத்துகூட வராது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாகக் கக்கும். இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்டால் "இங்கே சொடுக்கவும்" ஏழு தடவை. எங்கே, எதற்கு? "நாமினி படிவத்தைப் பதிவிறக்கு" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் உலகளாவிய வழிகாட்டி டபிள்யூ.சி.ஏ.ஜி. 2008இல் வந்த அதன் 2.0 பதிப்பு, இணைப்பின் நோக்கத்தை அடிப்படைத் தேவைகளில் வைத்தது. கடினமான உரைக்கு எளிய வடிவமும் தர வேண்டும் என்பதை மட்டும் மிக உயர்ந்த படியில் கொண்டுபோய் வைத்தது. அந்தப் படிக்கு யாரும் ஏறுவதில்லை.

கரிசல்காட்டுக்காரன்:
அடைப்புக்குறி எழுதியதை, ஐயா சொன்ன திருத்தத்தோடு, இப்போதுதான் போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே தடவையில் புரிந்துவிட்டது. "என் பெயர் இருக்கிறது, நான் போய் வாங்கிக்கொள்ளலாம், உனக்கும் உன் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு, அதுதானே?" என்றார். பிறகு, "இறப்புச் சான்றிதழ் அசலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கவுண்ட்டர் மூன்று:
நகலைக் கொடுத்து அசலைக் காட்டினால் போதும், தம்பி. எங்கள் கிளையில் ஒத்துப் பார்த்துவிட்டு அப்போதே கையில் கொடுத்துவிடுவோம். எல்லாக் காகிதமும் சேர்ந்தால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதையும் சொல்லுங்கள். அசலைப் பற்றிய கேள்வியைக் கவுண்ட்டரில் தினமும் கேட்டிருக்கிறேன். எந்தத் தாளிலும் நாங்கள் எழுதிவைத்ததில்லை.