கமென்ட்டால் பட்டதும், கமென்ட் இல்லாமல் பட்டதும்

அரைப்புள்ளி:
எக்செல் தேதிகளைப் படிக்கும் பழைய நிரல். நடுவில் ஒரு வரி: தேதியின் எண் (1900 ஜனவரி 1 தொடங்கி எத்தனையாவது நாள்) 60ஐத் தாண்டினால் ஒன்றைக் கழி. படிப்பவருக்காக நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு, அதாவது கமென்ட், எதுவும் இல்லை. யாரோ விட்டுப்போன குப்பை என்று அழித்துவிட்டேன். மறுநாள் எல்லோருடைய பிறந்த தேதியும் ஒரு நாள் தள்ளி நின்றது. 1900 லீப் வருடம் அல்ல. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுடன் ஒத்துப்போவதற்காக எக்செல் அதை லீப் வருடமாகவே கணக்கிடுகிறது. அந்த 60, இல்லாத பிப்ரவரி 29இன் எண். இதை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் கை வைத்திருப்பேனா? அழித்தபோது 'அப்பாடா, சுத்தமாயிற்று' என்று மகிழ்ந்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தென்றல்:
என் கதை தலைகீழ். கமென்ட் இருந்தது, பொய் சொன்னது. 'காத்திருக்கும் நேரம், நொடிகளில்' என்றிருந்ததை நம்பி 30 கொடுத்தேன். நிரலை எப்போதோ மில்லிநொடிக்கு மாற்றியவர் கமென்ட்டைத் தொடவே இல்லை. சர்வர் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. இரண்டு நாள் நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன். இப்போதெல்லாம் எந்தக் கமென்ட்டையும் நம்புவதில்லை.

நிரலோடை:
தென்றல், அதற்காக எல்லாக் கமென்ட்டையும் ஒதுக்குவது சரியல்ல. அந்த மதிப்பைத் தாங்கும் மாறியின் பெயரிலேயே மில்லிநொடி என்று இருந்திருந்தால் அங்கே கமென்ட்டுக்கு வேலையே இல்லை. அரைப்புள்ளியின் 60ஐ எந்தப் பெயராலும் விளக்க முடியாது. காரணம் நிரலுக்கு வெளியே இருக்கிறது. கமென்ட் வேண்டியது அங்கேதான். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றைக் கூட்டும் வரிக்கு மேல் 'ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதாதீர்கள். ஏன் கூட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள். முயன்று தோற்ற வழியையும் எழுதுங்கள், அடுத்தவர் அதே பள்ளத்தில் விழமாட்டார். பழைய வரிகளைக் கமென்ட்டாக்கிப் புதைத்து வைக்காதீர்கள், அவை நிரலின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் கருவியில் பத்திரமாக இருக்கும். நான் பட்டது: ஒரு வரிசைப்படுத்தலுக்கு மேல் 'எடுக்காதே' என்று மட்டும் இருந்தது. காரணம் இல்லை. எடுத்தேன். இருநூறு வரி தள்ளி ஒரு பைனரி சர்ச், வரிசையாக இருப்பதில் மட்டுமே தேடத் தெரிந்த முறை, அதை நம்பி இருந்தது.

கடைசிவரி:
காரணம் எழுதியவருக்கே தெரியாவிட்டால்? 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரலில், 'இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்றொரு கமென்ட் உண்டு. தேர்வில் இது வராது என்ற பொருளில் எழுதியது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். தங்களுக்கும் அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். சென்ற வாரம் நான் எழுதியது: 'இந்த 200 மில்லிநொடி இடைவெளி ஏன் என்று தெரியவில்லை, எடுத்தால் முதல் கோரிக்கை தோற்கிறது.' அழகாக இல்லை, நீக்கிவிடுங்கள் என்றார் மதிப்பாய்வு செய்தவர். நான் நீக்கவில்லை.