பழைய பட டிவிடி 55 இஞ்ச் 4கே டிவியில் மங்கல்: கோளாறு டிஸ்க்கிலா, ப்ளேயரிலா, டிவியிலா?

திண்ணைத்திரை:
வணக்கம் நண்பர்களே. 80-களிலிருந்து 2000-கள் வரை வந்த தமிழ்ப் படங்களின் டிவிடி சுமார் அறுபது இருக்கிறது. எல்லாம் கடையில் வாங்கிய அசல் டிஸ்க். 21 இஞ்ச் பழைய டிவியில் குறை தெரியவில்லை. இப்போது 55 இஞ்ச் 4கே டிவி. ப்ளேயர் சாதாரண டிவிடி ப்ளேயர், எச்டிஎம்ஐ ஒயர். பிரச்சினைகள் இவை:

சில டிஸ்க்கில் படம் நடுவில் பெட்டி போல நின்று நான்கு பக்கமும் கறுப்பு. ஜூம் செய்தால் குழைந்து போகிறது. சிலவற்றில் ஆள் நடந்தால் உடம்பின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு. வேறு சிலவற்றில் ஒரே கை இரண்டு கையாக நிழலடிக்கிறது. இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன, குறிப்பாக ஒரே டிஸ்க்கில் மூன்று படம் அடைத்த மூணு-இன்-ஒன் டிஸ்க்குகளில். முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கின்றன.

ப்ளூரே ப்ளேயர் வாங்கி அதில் இந்த டிவிடிகளை ஓட்டினால் சரியாகுமா? டிஸ்க்கை சுத்தம் செய்தால் பலன் உண்டா?

வரி576:
ப்ளேயர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் சொன்னவற்றில் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சிலது செட்டிங்ஸில் போய்விடும், சிலது எந்த ப்ளேயர் வாங்கினாலும் போகாது. எது எது என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

முதலில் கணக்கு. என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிவிடியில் ஒரு ஃபிரேம் 720 x 480, அதாவது 3,45,600 புள்ளி. பால் (இந்திய, ஐரோப்பிய டிவி முறை) டிவிடி 720 x 576. உங்கள் டிவி 3840 x 2160, அதாவது 82,94,400 புள்ளி. என்டிஎஸ்சி டிஸ்க்கில் உள்ள ஒரு புள்ளியை டிவி 24 புள்ளியாக ஊதுகிறது. பழைய 21 இஞ்ச் டிவியில் ஊத வேண்டிய அவசியமே இல்லை. குறை அன்றைக்கும் டிஸ்க்கில் இருந்தது, கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி நான்கு பக்கக் கறுப்பு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, டிஸ்க்கே 4:3 லெட்டர்பாக்ஸாகச் செய்தது. ஸ்கோப் படத்தை (அகலத்திரை, 2.35:1) 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்பு வைத்துப் பதித்துவிடுவார்கள். 480 வரியில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272 வரி. மிச்சம் 208 வரி வெறும் கறுப்பு மை. அதே படத்தை அனமார்ஃபிக்காக, அதாவது 16:9 சட்டத்தை அகலவாக்கில் நெருக்கிப் பதித்திருந்தால் 363 வரி கிடைத்திருக்கும். பால் டிஸ்க்கில் இது 327-க்கு எதிராக 436. லெட்டர்பாக்ஸ் டிஸ்க்குக்கு டிவியின் ஜூம் தவிர வேறு வழி இல்லை. 272 வரியைத்தான் இழுத்துப் பெரிதாக்கப் போகிறீர்கள், குழையத்தான் செய்யும்.

இரண்டாவது, டிஸ்க் நல்ல அனமார்ஃபிக்காகவே இருக்கும், ப்ளேயர் கெடுக்கும். ப்ளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' அல்லது 'டிவி டிஸ்ப்ளே' என்று ஒன்று இருக்கும்: 4:3 பிஎஸ் (பக்கங்களை வெட்டுவது), 4:3 எல்பி (லெட்டர்பாக்ஸ்), 16:9. கடையிலிருந்து வரும்போதே 4:3 எல்பி-யில் இருக்கும் ப்ளேயர்கள் நிறைய. அந்த நிலையில் ப்ளேயர் அனமார்ஃபிக் டிஸ்க்கின் 480 வரியை 360-ஆக நசுக்கி, கறுப்பு பூசி அனுப்பும். நான்கில் ஒரு பங்கு விவரம் ஒயருக்குள் போகுமுன்பே காலி. 16:9 என்று மாற்றுங்கள். டிஸ்க் ஓடும்போது சில ப்ளேயரில் இந்த வரி மங்கி நிற்கும். ஸ்டாப்பை இரண்டு முறை அழுத்தி, அல்லது டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு மாற்ற வேண்டும்.

அங்கேயே 'டிவி சிஸ்டம்' என்று இன்னொன்று இருக்கும். அது என்டிஎஸ்சி என்று நின்றால் ப்ளேயர் உங்கள் பால் டிஸ்க்குகளையெல்லாம் அரைகுறையாக மாற்றி ஓட்டும். கேமரா நகரும்போது விட்டு விட்டு இழுக்கும். ஆட்டோ அல்லது மல்டி என்று வையுங்கள். இன்றைய டிவிகள் இரண்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பாதிஃபீல்டு:
வரி576 விட்ட இடத்திலிருந்து சீப்புக் கோட்டுக்கு வருகிறேன். இதுவும் நிழலடிப்பதும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒன்றுக்கு மருந்து உண்டு, மற்றதற்கு இல்லை.

ஃபிலிம் விநாடிக்கு 24 ஃபிரேம். என்டிஎஸ்சி விநாடிக்குச் சுமார் 60 ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு. நாலு ஃபிலிம் ஃபிரேமை 2, 3, 2, 3 என்று பத்து ஃபீல்டில் பரப்பினால் ஐந்து வீடியோ ஃபிரேம் வரும். அதில் மூன்று சுத்தம், இரண்டில் அடுத்தடுத்த ஃபிரேமின் வரிகள் பின்னிக் கிடக்கும். அந்த இரண்டில்தான் சீப்புப் பல்.

கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இருந்தால் விஎல்சி மென்பொருளில் போட்டு, வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (இரண்டு ஃபீல்டை ஒரு முழு ஃபிரேமாகச் சேர்க்கும் வேலை) அணைத்துவிடுங்கள். யாராவது குறுக்கே நடக்கிற இடத்தில் நிறுத்தி, ஆங்கில ஈ விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும்.

எல்லா ஃபிரேமும் சுத்தமாக இருந்தால் டிஸ்க் அருமையாகச் செய்தது. 24 ஃபிரேமாகவே பதித்து, 'இந்த ஃபீல்டைத் திரும்பக் காட்டு' என்று ப்ளேயருக்குக் குறிப்பு மட்டும் வைத்திருக்கிறார்கள். டிவியில் கோடு தெரிந்தால் ப்ளேயரில் புரோகிரசிவ் (ஃபீல்டாகப் பிரிக்காமல் முழு ஃபிரேமாக அனுப்புவது) அணைந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று சுத்தம், இரண்டு கோடு என்று ஒரே தாளத்தில் வந்தால் கலந்த பிறகே பதித்திருக்கிறார்கள். டிவியின் 'ஃபிலிம் மோட்' அல்லது 'சினிமா மோஷன்' இந்தத் தாளத்தைப் பிடித்து ஃபிரேமைத் திரும்பச் சேர்க்கும். ஆனால் நடுவில் எடிட் செய்த இடங்களில் தாளம் தப்பும். அங்கே ஒரு விநாடி கோடு எட்டிப்பார்க்கும்.

கோடே இல்லாமல் ஒரு கைக்குப் பக்கத்தில் பாதி வெளிச்சத்தில் இன்னொரு கை தெரிந்தால், அது பால் மாஸ்டரை (டிஸ்க் செய்ய எடுத்த மூலப் பிரதி) என்டிஎஸ்சி-க்கு மாற்றும்போது ஃபீல்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் குழைத்தது. அன்றைக்கு இந்தியாவில் டிவி முறை பால், வெளிநாட்டுச் சந்தைக்குப் போன டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஸ்சி. இடையில் மலிவான கன்வெர்ட்டர் போட்டால் இப்படி ஆகும். இரண்டு படமும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிட்டதால் எந்த ப்ளேயராலும் பிரிக்க முடியாது. அந்த டிஸ்க்குக்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

பால் டிஸ்க் என்றால் பெரும்பாலும் இந்தக் குழப்பம் கிடையாது. 24 ஃபிரேமை 25-ஆக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாட்டு அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறி ஒலிக்கும். கேசட்டில் கேட்டுப் பழகிய காதுக்குப் பல்லவியிலேயே பிடிபட்டுவிடும்.

திண்ணைத்திரை:
நன்றி. ப்ளேயரில் 4:3 எல்பி-தான் இருந்தது. 16:9 ஆக்கியதும் பெட்டியாகத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் திரையை நிறைத்துவிட்டன. மீதி லெட்டர்பாக்ஸ்தான் போல. அந்த மூணு-இன்-ஒன், மெழுகு முகம் பற்றி யாராவது சொல்லுங்கள்.

நிழல்கணக்கு:
மூணு-இன்-ஒன்னுக்குப் பதில் வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

ஒற்றை லேயர் (ஒரே தரவுப் படலம்) டிவிடி 4.7 ஜிபி, அதாவது 37,600 மெகாபிட். 160 நிமிடப் படம் ஒன்றை வைத்தால் விநாடிக்கு 3.9 மெகாபிட். 5.1 ஒலிக்கு 0.448 போனால் படத்துக்குச் சுமார் 3.5. இரட்டை லேயர் 8.5 ஜிபி-யில் அதே படத்துக்கு 6.5-க்கு மேல் கிடைக்கும். டிவிடி-யில் படத்துக்கு அனுமதித்த உச்சம் 9.8.

இப்போது தலா 150 நிமிடமாக மூன்று படத்தை ஒற்றை லேயரில் அடையுங்கள். ஒலியையும் சேர்த்து 1.4 மெகாபிட். விசிடி-யிலேயே படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட் இருந்தது, அதுவும் 352 x 288 என்கிற கால்வாசிச் சட்டத்துக்கு. ஆக, விசிடி-க்குப் போட்ட சோற்றை நாலு மடங்கு பெரிய இலையில் பரப்பியிருக்கிறார்கள். மூன்று படங்களின் ரசிகர்களுக்கும் செய்த அநியாயம் இது.

டிவிடி-யின் சுருக்கும் முறையான எம்பெக்-2 படத்தை 8 x 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. பிட் பற்றாதபோது ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான ஏற்ற இறக்கத்தை முதலில் எறியும். வெயிலில் நிற்கிற சுவரில் அது தெரியாது. இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சமாகிற மூலையில், மழையில், புகையில், கட்டத்தின் ஓரம் அப்படியே துருத்தும். வேகமாக வெட்டிய பாட்டுக் காட்சியும் மோசம்: ஒவ்வொரு வெட்டுக்கும் புதுப் படத்தை முழுசாகப் பதிய வேண்டும், அதற்கான பிட் அங்கே இல்லை.

டிஸ்க்கை விண்டோஸில் போட்டு மொத்த அளவைப் பாருங்கள். 4.38 ஜிபி-க்கு மேல் காட்டினால் இரட்டை லேயர் (விண்டோஸ் 1024-ஆல் வகுப்பதால் 4.7 அங்கே 4.38 ஆகிறது). படத்தின் நிமிடத்தை வைத்து வகுத்துவிட்டால், ஓட்டிப் பார்க்காமலே எது தேறும் என்று தெரிந்துவிடும்.

மெழுகு முகத்துக்கு முதலில் டிவியைச் சோதியுங்கள். பிக்சர் மோடை 'விவிட்'-லிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' ஆக்குங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் மூன்றையும் அணையுங்கள். ஷார்ப்னெஸுக்கு நடுநிலை சில டிவியில் 0, சிலவற்றில் 50. டைட்டில் எழுத்து திரையில் நிற்கும்போது படிப்படியாகக் குறைத்து, எழுத்தைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோடு மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். எல்லாம் அணைத்த பிறகும் தலைமுடி ஒரே பட்டையாக, தோள் ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு இருந்தால் அது டிஸ்க்கிலேயே உள்ளது. ஃபிலிமின் துகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் பிட்டைத் தின்னும். அதனால் துகளை வழித்துவிட்டு, போன கூர்மைக்குப் பதிலாக விளிம்பைச் செயற்கையாகத் தடித்துவிடுகிறார்கள். அட்டையில் 'டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்' என்று இருப்பதற்குச் சில நேரம் இதுதான் அர்த்தம். துகளோடு சேர்ந்துதான் கன்னத்தின் தோலும் போயிருக்கிறது.

கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தாலோ, மாறாக இருட்டில் எல்லாம் அப்பிக்கொண்டாலோ ப்ளேயரும் டிவியும் வேறு வேறு அளவில் பேசுகின்றன. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. ப்ளேயரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய்சிபிசிஆர்-க்கு (இரண்டும் நிறத்தை அனுப்பும் முறைகள்) மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

பாதிஃபீல்டு:
ப்ளூரே ப்ளேயர் வாங்குவது பற்றி: நல்ல ப்ளேயர் டீஇன்டர்லேஸை ஒழுங்காகச் செய்யும், பெரிதாக்குவதையும் சுத்தமாகச் செய்யும். டிஸ்க்கில் இல்லாத வரியைக் கொண்டுவராது. இருக்கிற ப்ளேயரிலேயே எச்டிஎம்ஐ ரெசல்யூஷனை ஒருமுறை 480 புரோகிரசிவ், ஒருமுறை 1080 என்று மாற்றி, கடைசியில் உருளும் பெயர்ப் பட்டியலை இரண்டிலும் பாருங்கள். எழுத்து எதில் நடுங்காமல் ஏறுகிறதோ அதை வையுங்கள். 480-ல் நன்றாக இருந்தால் உங்கள் டிவியின் ஸ்கேலர் (படத்தைப் பெரிதாக்கும் பகுதி) ப்ளேயரை விட மேல். புது ப்ளேயர் இந்த டிவிடிகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

ப்ளூரே டிஸ்க்கே வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. 1920 x 1080, படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரை, 25 அல்லது 50 ஜிபி. அதிலும் ஏமாற்று உண்டு. பழைய டிவி மாஸ்டரை ஊதிப் பெரிதாக்கி ப்ளூரே அட்டைக்குள் வைப்பார்கள். அட்டையில் 1080-க்குப் பிறகு 'ஐ' (இன்டர்லேஸ், அதாவது ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்தது) என்ற எழுத்து இருந்தால் உஷார். ப்ளூரே தரத்தில் 1080 அளவில் 25 ஃபிரேம் புரோகிரசிவ் என்று ஒரு வகையே கிடையாது, அதனால் பால் வேகத்து மாஸ்டர் எல்லாம் இன்டர்லேஸாகத்தான் வரும். இந்திய ப்ளூரே ரீஜன் (எந்த நாடுகளில் ஓடும் என்ற பகுதிக் குறியீடு) சி. வெளிநாட்டு டிஸ்க் வாங்குமுன் அட்டையின் பின்னால் ரீஜன் எழுத்தைப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜன் தடை இல்லை.

வரி576:
சுத்தம் செய்வது பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. அழுக்கால் டிவிடி மங்காது. வீடியோ கேசட் தேய்ந்தால் படம் மெல்ல மெல்ல வெளிறும். டிஸ்க்கில் தரவு படிக்க முடிந்தால் முழுசாக வரும், முடியாவிட்டால் உறையும் அல்லது பெரிய கட்டங்களாகச் சிதறும். எப்போதும் அதே நிமிடத்தில் உறைந்தால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும், அடுத்தடுத்த தரவு மொத்தமாகப் போய்விடுவதால் பிழைதிருத்தம் கை கொடுக்காது.

விசிடி-யும் இருந்தால் அச்சடித்த பக்கத்தைத்தான் கவனமாகப் பாதுகாக்க வேண்டும். அதில் தரவுப் படலம் அந்தப் பக்கத்து மைக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. டிவிடி-யில் 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறது, அதனால் வளைத்தால் கெடும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் நடுக் குமிழை அழுத்தி விடுவித்து எடுங்கள்.